பழைய மோட்டார் லாரி வெயிலில் தளர்வதேன்?

சித்திரை பிறந்ததும் நம் கிராமங்களிலிருந்து சரக்குகள் ஒரே சமயத்தில் புறப்படத் தொடங்குகின்றன. நவரைப் பட்டத்து நெல்லும், கோடை நிலக்கடலையும், மாங்காயும், தர்ப்பூசணியும் சந்தைக்கோ ஆலைக்கோ போய்ச் சேரவேண்டிய காலம் அதுவே. மே மாதம் 4-ஆம் தேதியையொட்டித் தொடங்கி அம்மாதக் கடைசி வரையில் நீடிக்கும் கத்திரி வெயிலும் இதற்குள்தான் அடங்குகிறது. ஆகவே கிராமத்துப் பழைய லாரி வருஷத்தில் மிகுதியாக உழைக்கவேண்டிய காலமும், அதன் இஞ்சின் மிகுதியாகத் துன்புறும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மார்கழியில் பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடிய வண்டி சித்திரையில் மேடு ஏறமாட்டாமல் நின்றுவிடுகிறது. சொந்தக்காரர் வெயிலை நோகிறார். டிரைவர் வண்டியின் வயதை நோகிறார். மெக்கானிக் இஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும் என்கிறார்.

இம்மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும், என் அனுபவத்தில், வெயில் புதிதாக ஒரு பழுதை உண்டாக்குவது அபூர்வம். முன்னமே இருந்து, குளிர்ந்த மாதங்களில் மறைந்து கிடந்த பழுதைத்தான் அது வெளிக்குக் கொண்டுவருகிறது. அப்பழுது பெரும்பாலும் இஞ்சினுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில், சொற்பச் செலவில் தீரக்கூடியதாகவே இருக்கும். அதைத் தேடும் முறையை இக்கட்டுரையில் விவரிக்க எண்ணுகிறேன். கம்ப்யூட்டர் பெட்டியும் டர்போவும் இல்லாத பழைய மாதிரி டீசல் லாரிகளையே முக்கியமாகக் கருதி எழுதுகிறேன். பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றி முடிவில் சிறிது சொல்லப்படும். கூட்டுறவுச் சங்கங்களின் வண்டிகளுக்கு ரிப்பேர் செலவை அங்கீகரிக்கும் பொறுப்புள்ள அதிகாரிகளுக்கும் இவ்விஷயம் பயன்படும் என்று நம்புகிறேன்.

உஷ்ணம் செய்யும் வேலை

முதலில் ஒரு சிறு கணக்கு. இஞ்சினைச் சுற்றி வரும் ஜலம் ரேடியேட்டருக்கு வரும்பொழுது ஏறக்குறைய 90 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்கழிப் பகலில் வெளிக்காற்று 28 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 62 டிகிரி. கத்திரி வெயிலில் காற்று 42 டிகிரியானால் வித்தியாசம் 48 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆகையால் யாதொரு பழுதும் இல்லாத ரேடியேட்டரும் கோடைப் பகலில் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. தார் ரோட்டின் மேல் நிற்கும் காற்று இன்னும் சூடானதென்பதையும் இத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வண்டியைச் செய்தவர்கள் இதை அறியாதவர்களல்லர். இதற்கு இடம் விட்டே ரேடியேட்டரை அமைத்திருக்கிறார்கள். ஆனால் பதினைந்து இருபது வருஷம் ஓடிய வண்டியில் அந்த இடத்தை உப்புப் படிவும், தூசியும், தளர்ந்த பெல்ட்டும் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. நாலில் ஒரு பங்கு அடைபட்ட ரேடியேட்டர் மார்கழியில் ஒரு குறிப்பும் காட்டாது. சித்திரையில் கொதிக்கும். வெயிலின் மேல் பழி விழுவது இவ்வாறுதான்.

காற்றின் விஷயமும் இப்படியே. உஷ்ணத்தால் காற்று விரிந்து இலேசாகிறது. 20 டிகிரியில் உள்ள காற்றைவிட 42 டிகிரிக் காற்று, அதே அளவுக்கு, நூற்றுக்கு 7 பங்கு எடை குறைந்தது. இஞ்சின் தன் சிலிண்டர் கொள்ளுமளவு காற்றை இழுக்குமேயல்லாமல் நிறுத்து இழுப்பதில்லை. ஆகவே டீசல் எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. காற்று வரும் ரப்பர்க் குழாய் கிழிந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் 60 டிகிரியில் நிற்கும் அனல் காற்றை இஞ்சின் இழுக்குமானால், குறைவு நூற்றுக்கு 12 பங்கு ஆகும். பத்து டன் ஏற்றிய வண்டி மேட்டில் இதை நன்றாக உணரும்.

எப்பொழுது தளர்கிறது என்று கேட்க வேண்டும்

நோயாளியைக் கேளாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. லாரி விஷயத்தில் மட்டும், டிரைவரை ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்பானரை எடுத்துவிடுகிறோம். முதற்கேள்வி, உஷ்ணமானியின் முள் ஏறுகிறதா இல்லையா என்பது. முள் ஏறி இழுவை குறைந்தால் தேடவேண்டிய இடம் ஒன்று. முள் நடுவிலேயே நிற்க இழுவை மட்டும் குறைந்தால் இடம் வேறு. பழைய வண்டிகளில் இந்த முள் பெரும்பாலும் செத்துக் கிடக்கிறது. அப்படியானால் வேறெதையும் செய்வதற்கு முன் அதைச் சரிசெய்தல் அவசியம்.

அடுத்தபடியாக, சூடேறுவது ஓடும்போதா நிற்கும்போதா என்று கேட்கவேண்டும். சந்தை வாசலில் இஞ்சின் ஓடியபடி நிற்கையில் சூடேறி, ரோட்டில் வேகமாகப் போகையில் இறங்குமானால், குறை பெரும்பாலும் விசிறியிலும் பெல்ட்டிலும் விசிறிக் கூட்டிலும் இருக்கும்; ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மாறாக, நிற்கையில் சும்மா இருந்து, பாரத்துடன் வேகமாகவோ மேட்டிலோ போகையில் சூடேறினால், ஜலம் போதிய அளவில் சுற்றவில்லை என்று ஊகிக்கலாம். ரேடியேட்டர் குழாய் அடைப்பு, வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், கீழ் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். காலையில் புறப்பட்ட சில நிமிஷங்களுக்குள்ளாகவே மேல் ஹோஸ் கல்லைப்போல் இறுகிவிடுமானால் விஷயம் சற்றுக் கடுமையானது. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

இன்னொரு வகை உண்டு. வண்டி நன்றாக ஓடி வந்து, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் நிறுத்தப்பட்டு, திரும்பக் கிளம்ப மறுக்கும். மாலையில் ஆறியபின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொள்ளும். இது டீசல் பம்பின் தேய்மானத்தைக் காட்டும் குறி.

தொப்பூர் மேட்டில் நேர்ந்தது

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. இறங்கி வரும் வண்டிகளுக்கு அது விபத்துக்குப் பெயர்போன இடம். ஏறிப் போகும் பழைய வண்டிகளுக்கு ஒரு பரீட்சை. சேலம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கிளிமூக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலுள்ள மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் இதைத் தாண்டியே தீரவேண்டும்.

சில கோடைகளுக்கு முன், சிறு தோப்புக்காரர் ஐவர் கூடி வாங்கிய பழைய லாரி ஒன்று இந்த மேட்டில் மூன்று முறை கொதித்து நின்றது. மூன்றாம் முறை பகல் முழுவதும் நின்றதில், தார்ப்பாய்க்கடியில் காய் வெந்து, ஆலையில் பாதி விலைக்குத்தான் எடுத்தார்கள். வண்டியைப் பார்த்த ஒர்க்ஷாப்பில், இஞ்சின் தேய்ந்துவிட்டது, லைனரும் பிஸ்டனும் மாற்றவேண்டும் என்று சொல்லி ஒரு பெருந்தொகை கேட்டார்கள். அத்தொகைக்காகத் தங்கள் மரங்களை மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டுவிடுவதென்று ஐவரும் பேசி முடிக்கும் தறுவாயில், பழ ஈக்குப் பொறி வைத்துக் காட்டும் காரியமாக நான் அவ்வூருக்குப் போயிருந்தேன்.

நான் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் ஜலம் தாராளமாக ஓடும் என்று நானும் கேள்விப்பட்டதையே சொன்னேன். மறுநாள் வண்டி முன்னிலும் சீக்கிரமாகக் கொதித்தது. அந்த மாதிரி இஞ்சினில், வால்வு திறக்கும்பொழுது ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பதோடு, ஜலம் ரேடியேட்டருக்குப் போகாமலே இஞ்சினுக்குத் திரும்பும் குறுக்கு வழியையும் மூடுகிறது. வால்வை எடுத்துவிட்டபடியால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்து கிடந்து, சூடான ஜலத்தில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பிவந்தது. இந்த யோசனையை இன்றும் அநேகர் சொல்லக் கேட்கிறேன். அதனால் இதை விரிவாக எழுதினேன்.

மறுநாள் மாலை இருட்டிய பின், ஒரு கைவிளக்கை ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே பிடித்து, முன்பக்கமிருந்து பார்த்தோம். மேற்புறத்தில் மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கீழ்ப்பாதி இருட்டாகவே இருந்தது. வைக்கோல் தூசியும், கடலைச் சருகும், பூச்சிகளும், கசிந்த எண்ணெயோடு சேர்ந்து களிமண் பூசினாற்போல் அடைத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல், முன்கிரில்லில் பெயர்ப்பலகை ஒன்றும், தண்ணீர்க்கேன் ஒன்றும் கட்டியிருந்தார்கள். விசிறியைச் சுற்றியிருக்கவேண்டிய தகரக்கூடு அங்கே இல்லை. முன் வருஷம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது கழற்றிய கூட்டைத் திரும்பப் பூட்டவில்லை என்று கிளீனர் சொன்னார்.

தகரக் கொல்லரைக் கொண்டு புதிய கூடு செய்வித்து, ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட் புதிதாக ஒன்று போட்டு, பலகையைக் கூரைமேல் ஏற்றினோம். கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. அந்தப் பருவத்தின் மிச்சச் சரக்கு முழுவதும் அதே மேட்டைத் தாண்டிப் போயிற்று. லைனர் இரண்டு கோடைகளுக்குப் பின்னரே மாற்றப்பட்டது. மரங்கள் குத்தகைக்குப் போகவில்லை.

ரேடியேட்டரைச் சோதித்தல்

மேற்சொன்ன விளக்குச் சோதனையை ஒவ்வொரு பங்குனியிலும் செய்தல் நலம். கழுவும்போது இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும்படி ஜலம் விடவேண்டும். சர்வீஸ் நிலையத்து அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய செதில்கள் மடங்கி அடைப்பு நிரந்தரமாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புக் கரைசலை ஊற்றி ஊறவிட்டுப் பின்னர் கழுவுக. நெல்லறுப்பு நடக்கும் வாரங்களில் களத்துக்குள் போய்வரும் வண்டியை இரண்டு நாளைக்கொருமுறை பார்த்தாலும் மிகையன்று.

உட்பக்கத்து அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நாம் ஊற்றும் ஜலம். ஆழ்துளைக் கிணற்று ஜலத்தை வெந்நீர் அண்டாவில் ஓராண்டு காய்ச்சினால் அடியில் எவ்வளவு வெள்ளைப் படிவு கட்டுகிறதென்று நம் பெண்மக்கள் அறிவார்கள். அப்படிவு உலோகத்தைப்போல் சூட்டைக் கடத்துவதில்லை. இஞ்சினுக்குள்ளும் அதுவே நடக்கிறது. ரேடியேட்டர் நன்கு சூடானபின், இஞ்சினை நிறுத்தி, விசிறி முற்றும் நின்றதைக் கண்டு, கையை அதன் முகப்பின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தால், அடைபட்ட குழாய்கள் உள்ள இடம் மற்ற இடத்தைவிடக் குளிர்ந்திருக்கும். அப்படித் தெரிந்தால் ரேடியேட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லவேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிக் கரைப்பவர்கள் உண்டு. அது படிவோடு ஈயப்பற்றையும் அலுமினிய பாகங்களையும் அரித்துவிடும்.

ரேடியேட்டர் மூடியை அநேகர் வெறும் மூடி என்று எண்ணுகிறார்கள். அதிலுள்ள சுருள்வில்லும் ரப்பரும் உள்ளே அழுத்தத்தைக் காத்து, ஜலம் கொதிக்கும் நிலையை உயர்த்துகின்றன. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் காக்கும் மூடி இருந்தால் ஜலம் 100 டிகிரியில் கொதியாமல் ஏறக்குறைய 111 டிகிரி வரையில் தாங்கும். ரப்பர் வெடித்த மூடியோ, துணி சுற்றிய கட்டையோ இருந்தால் அந்தப் பதினொரு டிகிரியும் நமக்கில்லை. புதிய மூடியின் விலை சொற்பம். ஆனால் வண்டிக்குக் குறிப்பிட்ட அழுத்தத்துக்குரியதையே வாங்கவேண்டும். கூடுதலாகப் போட்டால் பழைய ரேடியேட்டர் வெடிக்கும்.

ஃபேன் பெல்ட்டை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு தாழவேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் வழுக்குகிறதென்று அர்த்தம். உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றிவிடுக. கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பழையதாகி மெத்தென்று ஆன ஹோஸ், இஞ்சின் வேகமாக ஓடும்போது உள்ளுக்கு ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். நிறுத்தியதும் பழைய உருவம் பெற்றுவிடும். நின்ற வண்டியில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மற்றொருவர் விசிறிக்கு எட்டாத தூரத்தில் நின்று பார்க்கவேண்டும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது அடுப்பங்கரை வேலை: ஒரு பாத்திரத்து ஜலத்தில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கி, உஷ்ணமானியால் பார்த்து, அதன்மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று காண்க. திறவாததை எறிந்துவிட்டு வேறு போடவேண்டும், வெறுமே விடலாகாது.

டிரைவரின் காலும் கையும் இதில் சம்பந்தப்பட்டவை. டீசல் மிச்சமாகும் என்று மேட்டில் பெரிய கியரிலேயே முக்கி முக்கி ஏற்றினால், இஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. அதோடு பெல்ட்டில் ஓடும் விசிறியும் பம்பும் மெதுவாகின்றன. சூடு அதிகம் பிறக்கும் சமயத்தில் காற்றும் ஜலமும் குறைகின்றன. மேடு தொடங்கும்போதே ஒரு கியர் குறைத்து, இஞ்சின் இலகுவாகச் சுற்றும்படி ஏற்றுவதே முறை.

எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் ரேடியேட்டர் வாயில் இடைவிடாமல் குமிழி வருதல், மேல் ஹோஸ் சில நிமிஷங்களிலேயே இறுகுதல், வெளியே கசியாமல் ஜலம் குறைந்துகொண்டே போதல், இஞ்சின் ஆயில் பால்விட்டாற்போல் வெளுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தால் மட்டுமே ஹெட்டைக் கழற்றும் பேச்சுக்கு இடமுண்டு. சங்க வண்டிக்கு இஞ்சின் வேலை என்று பில் வரும்போது, விளக்குச் சோதனையும், மூடி, பெல்ட், தெர்மோஸ்டாட் சோதனைகளும், குமிழிச் சோதனையும் செய்யப்பட்டனவா, என்ன தெரிந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

சூடேறாமலே இழுவை குறைந்தால்

முள் நடுவில் நிற்க, வண்டி மட்டும் தளர்ந்தால், புகையைப் பார்க்கவேண்டும். கரும்புகை, டீசலுக்குத் தக்க காற்று இல்லை என்பதன் அறிகுறி. பழைய லாரிகளில் பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனரே இருக்கிறது. மண்ரோட்டில் ஓடும் கோடையில் அந்த எண்ணெய் ஒரு வாரத்துக்குள் சேறாகிவிடும். கம்பிவலையை டீசலில் அலசி உலர்த்தி, தொட்டியில் புது ஆயிலைக் கோடிட்ட அளவுக்கு விடுக. கோட்டுக்கு மேல் விட்டால் இஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, அடக்க முடியாமல் வேகமெடுக்கும் அபாயமுண்டு. காகித பில்டர் உள்ள வண்டியானால் அதைத் தடியால் தட்டக்கூடாது. உள்ளிருந்து வெளியே மெல்லிய காற்று விட்டுச் சுத்தம் செய்யலாம். காற்றுக் குழாயின் மடிப்புகளை விரித்துக் கிழிசல் பார்ப்பதும் இச்சமயமே செய்யத்தக்கது.

புகை இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் போதிய அளவு போகவில்லை. டீசலும் உஷ்ணத்தால் விரிகிறது. 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு இலேசாகும். அதைவிட முக்கியமானது, அது நீர்த்துப்போவது. பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் தேய்ந்திருந்தால், குளிர்ந்த கெட்டியான டீசலை அது தள்ளிவிடும். சூடாகி நீர்த்த டீசல் இடுக்கு வழியே பின்னுக்கு ஒழுகிவிடும். நின்று கிளம்ப மறுக்கும் வண்டியின் வியாதி இதுதான். இஞ்சின் நின்றிருக்கும்போது பம்பின்மேல் நனைத்த கோணிச் சாக்கைச் சுற்றிப் பத்து நிமிஷம் விட்டுக் கிளப்பிப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால், பம்பை டீசல் பம்பு வேலை செய்பவரிடம் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடுகிற இஞ்சினின் பம்பில் குளிர்ந்த ஜலத்தைக் கொட்டுதல் கூடாது; பிளஞ்சர் இறுகிப் பம்பே பாழாகும்.

பம்புக்குச் செலவு செய்யுமுன் டீசல் பில்டரும், டேங்கிலிருந்து வரும் குழாயின் இணைப்புகளும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் காற்று புகும். டேங்கைக் காலியாக ஓட்டுவதும் கோடையில் தீது: பம்பிலிருந்து திரும்பிவரும் சூடான டீசல், டேங்கில் கொஞ்சமே இருந்தால் அதைச் சீக்கிரம் சூடாக்கிவிடும். கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இஞ்சினில் குறையே இல்லாமல் வண்டி தளர்வதும் உண்டு. நான்கு மைல் ஓட்டியபின் பிரேக் டிரம்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோனால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரம் அடுப்புப்போல் அனல் வீசும். இஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இவ்விரண்டையும் இஞ்சின் தேய்வென்று எண்ணிப் பணத்தை இழந்தவர்களை அறிவேன்.

பழைய பெட்ரோல் வண்டிகள்

கார்புரேட்டர் உள்ள பழைய ஜீப்பும் பிக்-அப்பும் இன்னும் சில தோட்டங்களில் ஓடுகின்றன. இவற்றில் பெட்ரோல், இஞ்சினோடு ஒட்டிய பம்பிலும் குழாயிலும் ஆவியாகி, பம்பு ஆவியைத் தள்ளமாட்டாமல் நின்றுவிடும். நம் நாட்டில் பெட்ரோலில் எரிசாராயம் கலக்கும் அளவு 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. எரிசாராயம் 78 டிகிரியில் கொதிப்பது. பெட்ரோலோடு சேரும்போது கலவை நடுத்தரச் சூட்டிலேயே மிகுதியாக ஆவியாகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அது ஊறச்செய்து கெடுக்கும். குழாயைப் புகைக்குழாய்க்கு அருகிலிருந்து விலக்கிக் கட்டி, எரிசாராயம் தாங்கும் ஹோஸ் போடுவதே பரிகாரம். வழியில் நின்றால் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கலாம். அதற்குமுன் ஒரு பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் ஆவிக்கு எட்டத்தில் வைத்து, பொறி பார்ப்பது நல்லது: நீலமாகப் பளிச்சென்று இல்லாமல் மஞ்சளாக மங்கினால், சூட்டில் சோர்ந்துபோன இக்னிஷன் காயிலே காரணம். கார்புரேட்டரில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது.

வழியில் கொதித்தால்

முள் ஏறத் தொடங்கியும் ஜலம் இன்னும் வெளியேறவில்லையானால், ஓரமாக நிறுத்தி, பாரமின்றி இஞ்சினைச் சற்று வேகமாகச் சில நிமிஷம் ஓடவிட்டால் முள் இறங்கும். ஆவி பீறிட்டு ஜலம் போய்விட்டாலோ, பெல்ட் அறுந்துவிட்டாலோ, அக்கணமே இஞ்சினை அணைத்துவிட வேண்டும். மூடியைத் தொடக்கூடாது. முன் சொன்ன லாரியின் கிளீனர், இருபது வயதும் நிரம்பாதவர், முதல் முறை கொதித்தபோது துண்டைப் போட்டு மூடியைத் திருகினார். அழுத்தம் நீங்கியதும் 100 டிகிரிக்கு மேற்பட்ட ஜலம் முழுவதும் ஒரே கணத்தில் பொங்கி, அவருடைய முன்கை தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று அமுங்கும் நிலை வந்தபின், கனத்த சாக்கைப் போட்டு மூடியைப் பாதி மட்டும் திருகி, சீறல் அடங்கியபின் எடுக்கவேண்டும். பிறகு இஞ்சினைக் கிளப்பி, அது ஓடிக்கொண்டிருக்கையில் கொஞ்சங் கொஞ்சமாக ஜலம் விடுக. காய்ந்த ஹெட்டில் குடத்து ஜலத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். வழியில் ஊற்றுவதற்கென்று இரண்டு கேன் நல்ல ஜலம் வண்டியிலேயே இருக்கட்டும். ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் கட்டவேண்டாம்.

அந்த ஜலம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மழை ஓட்டைக் கழுவிப் போனபின் பிடித்து வைத்த மழைஜலமோ, பாட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த ஜலமோ உத்தமம். கடைகளில் கூலன்ட் என்று விற்கும் கிளைகால் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால், துருவும் படிவும் குறைவதோடு, அழுத்தமில்லாத நிலையிலேயே கொதிநிலை ஏறக்குறைய 107 டிகிரி ஆகிறது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எதிலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள விஷம். மாடும் ஆடும் நாயும் அதை விரும்பிக் குடிக்கும். குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறக்கும். ஆகையால் ரேடியேட்டரைக் காலிசெய்யும்போது, தொட்டியருகிலோ வாய்க்காலிலோ தரையிலோ விடாமல், மூடியுள்ள டின்னில் பிடித்து, அடையாளமிட்டு, குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வைத்திருந்து, பழைய ஆயிலை வாங்கிச்செல்லும் ஒர்க்ஷாப்புக்குத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். தரையில் சிந்தியதை உடனே மண் போட்டு மூடி, நிறைய ஜலம் விட்டுக் கழுவி, அது காயும் வரையில் மாடுகளை அப்பக்கம் விடாதிருக்க.